மான் கேட்டு வருகிறவர்கள்

வருஷத்துக்கு ஒருத்தராவது மான் கேட்டு வந்துவிடுவார். ஓசூர் பாகலூர் சாலையில் பறவைக் கடை போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இந்தக் கணக்கு மட்டும் தப்பியதே இல்லை. கடைசியாக வந்தவர் சிப்காட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர். பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்துச் சம்பாதித்த காசில் தளி பக்கம் மூன்று ஏக்கர் வாங்கியிருந்தார். வேலி போட்டாயிற்று, வீடு கட்டியாயிற்று, வாழை வைத்தாயிற்று, குளம்கூட வெட்டியாயிற்று. பாக்கி மான்தான்.

"ஒரு ஜோடி போதும்ணா, புள்ளி மான். சரணாலயத்துல ரொம்பப் பெருகிட்டா ஏலம் விடுவாங்களாமே? எந்த ஆபீஸ்ல டெண்டர் போடணும்னு மட்டும் சொல்லுங்க, பணத்தைக் கட்டிடறேன்."

நான் சிரிக்கவில்லை. அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு வனத்துறை என்றாலே ஏலம்தான் ஞாபகம் வரும். காட்டுப் புளிய மரத்து மகசூலை ஏலம் விடுவார்கள். திருப்பத்தூர் கிடங்கில் சந்தனக் கட்டை ஏலத்துக்குப் போகும். இந்தப் பக்கம் மத்திகிரியில் 1824-இலிருந்து இருக்கிற கால்நடைப் பண்ணை எல்லாருக்கும் தெரியும், அரசுப் பண்ணை என்றால் கழித்த மாடுகளை ஏலம் விடுவது வழக்கம் என்பதும் தெரியும். புளி வரும், சந்தனம் வரும், மாடு வரும், மான் மட்டும் ஏன் வராது?

போதாததற்கு அவர் தன் போனில் ஒரு செய்தியைக் காட்டினார். நமீபியா அரசாங்கம் யானை விற்கிறதாம். அது பொய்யில்லை. 2020 டிசம்பரில் அந்த நாடு 170 காட்டு யானைகளை விலைக்குக் கொடுப்பதாக விளம்பரமே செய்தது. தென்னாப்பிரிக்காவில் இன்னும் பழைய வழக்கம். குவாசூலு-நட்டால் மாகாணத்துச் சரணாலயங்களில் மிஞ்சிய காண்டாமிருகம், வரிக்குதிரை, மான் எல்லாம் ஏலத்தில் தனியார் பண்ணைகளுக்குப் போயிருக்கின்றன. அங்கே 1991-இல் ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். முறையாக வேலி போட்டு அடைத்த நிலத்தில் இருக்கிற காட்டு விலங்கு அந்த நிலத்துக்காரனுக்கே சொந்தம். வேலியைத் தாண்டிப் போய்விட்டாலும் சொந்தம் போகாது.

"நம்ம ஊர்ல நீங்க எவ்வளவு உயரமா வேலி போட்டாலும் உள்ளே வர்றது சர்க்காரோடதுதாங்க," என்றேன். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 39-ஆம் பிரிவு. காட்டு விலங்கு அரசாங்கச் சொத்து. வேட்டையாடியது மட்டுமில்லை, தானாகச் செத்துக் கிடந்தாலும் சொத்துதான். அப்படி ஒன்று நம் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் போலீஸிலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். தளிக்காடு, ஜவளகிரி, அஞ்செட்டி என்று நாங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லும் காடுகளில் பெரும்பகுதி 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் ஆயிற்று, 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் அதை ஒட்டிக் காவிரி தெற்கு, இன்னொரு 686. அங்கே புல் அறுக்கவே அனுமதி வேண்டும், மானை எங்கே அறுப்பது? சரணாலயத்து விலங்கை விற்பதற்கான விதிமுறை என்ன என்று கேட்டால் பதில் ரொம்பச் சின்னது. விற்பனையே இல்லை, அதனால் விதிமுறையும் இல்லை.

இது தெரிந்ததும் அடுத்த கேள்வி வரும், அதுவும் வருஷா வருஷம் மாறாது. "அப்போ பன்னேர்கட்டாவுல கேட்டா?"

ஓசூர்க்காரர்களுக்குப் பன்னேர்கட்டா ஞாயிற்றுக்கிழமை போய் வருகிற இடம். காடும் அங்கேதான், மிருகக்காட்சி சாலையும் அங்கேதான், இரண்டும் ஒன்று என்றே மனதில் பதிந்துவிடுகிறது. மிருகக்காட்சி சாலையில் விலங்கு பெருகும், இடமும் போதாமல் போகும், அது உண்மை. ஆனால் அதை அவர்கள் இன்னொரு அங்கீகாரம் பெற்ற மிருகக்காட்சி சாலைக்குத்தான் கொடுக்க முடியும், அதற்கும் டில்லியில் இருக்கிற மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். வண்டலூரிலிருந்து பன்னேர்கட்டாவுக்குப் போகலாம். வண்டலூரிலிருந்து உங்கள் தோட்டத்துக்கு வராது.

லேத் பட்டறைக்காரர் முகம் தொங்கிப் போயிற்று. நாலு நல்ல ஆட்டுக்குட்டி வாங்குங்கள், வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போங்கள் என்று அனுப்பி வைத்தேன். அவர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது மண்பானையில். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் கம்பி வலை அடித்து, சின்ன வாய் வைத்த பானைகளைக் கட்டித் தொங்கவிட்டு, நாலு ஜோடி லவ் பேர்ட்ஸ் விட்டேன். ஓசூர் குளிர் ஊர். கடல் மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மார்கழி ராத்திரிகளில் குஞ்சு விறைத்துச் செத்துவிடும் என்று நாற்பது வாட் பல்பு எரியவிட்டு, கரண்ட் போனால் எழுந்து போய் வலைமேல் சாக்கு போர்த்துவேன். தினைக்குப் பஞ்சமில்லாத ஊர், அது ஒரு சௌகரியம். கால்சியத்துக்குக் கணவாய் ஓடு மட்டும் சென்னையிலிருந்து வரவேண்டும்.

லவ் பேர்ட்ஸ் என்றேன் அல்லவா, அதில்தான் பிற்பாடு என் தலைவலி முழுக்க இருந்தது. தமிழ்நாடு முழுக்க லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்பது லவ் பேர்டே இல்லை. அது பட்ஜரிகர், ஆஸ்திரேலியக் கிளி. நிஜமான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கொஞ்சம் தடித்து, குட்டையாக, அலகு முரட்டுத்தனமாக இருக்கும். எங்கள் வியாபாரத்தில் அதற்குப் பெயர் வெறும் 'ஆப்பிரிக்கன்'. அந்த ஆப்பிரிக்கனிலும் பல ஜாதி. முகம் மட்டும் ரோஜா நிறமாக இருப்பது ஒன்று, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட ஃபிஷர் இன்னொன்று. கடையில் பக்கத்துப் பக்கத்துக் கூண்டு, விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. சட்டத்தில் மட்டும் ஒன்றுக்கும் மற்றதற்கும் ஏழு கடல் தூரம். அந்த வித்தியாசத்தை நான் கற்றுக்கொள்ள இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அதற்கு முன்னால் ஒரு பாவத்தை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ஆரம்ப காலத்தில் நான் பச்சைக்கிளிக் குஞ்சு விற்றிருக்கிறேன். தை, மாசி ஆனால் போதும், யாராவது ஒருவர் சாக்குப்பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு வருவார். உள்ளே அட்டைப் பெட்டி, அதற்குள் இறகு முளைக்காத குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. மரப்பொந்தில் கைவிட்டு எடுத்தவை. பத்துக்கு நாலு பிழைத்தால் அதிகம். பிழைத்ததை வாங்கிப் போகிறவர்கள் ரொம்ப நல்ல மனிதர்கள், பாட்டிமார்கள், பேச்சு சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிற குழந்தைகள். நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே முழுதாகத் தடையாகிவிட்டது. எனக்கு அது அரைகுறையாகத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். எல்லாரும் செய்கிறார்களே என்ற தைரியம்.

முனியாக்களையும் அப்படித்தான். தினைக் கதிரில் கூட்டமாக விழுகிற அந்தச் சின்னக் குருவியை வலையில் அள்ளி, சாயத்தில் முக்கி, சிவப்பு, பச்சை, மஞ்சள் ஆக்கி, 'ஃபாரின் கலர் பேர்ட்ஸ்' என்று சந்தையில் விற்பார்கள். ஒரு முறை போச்சம்பள்ளி ஞாயிறு சந்தையில் ஒருவரிடம் பத்து வாங்கிக் கடைக்குக் கொண்டுவந்தேன். தண்ணீர்த் தட்டில் அவை குளித்த மறுநாள் தண்ணீர் ரோஜா நிறம், குருவி பழுப்பு நிறம். என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம்தான் முதலில் வந்தது. குருவியை நினைத்து வருத்தம் வர இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் ஆறு செத்துப் போயிருந்தன.

பச்சைக்கிளியை நான் நிறுத்தியது நல்ல மனசால் அல்ல, பயத்தால். ஒரு நாள் சாதாரண உடையில் ஒருவர் வந்து விலை கேட்டார். கேட்ட விதத்தில் ஏதோ உறுத்தியது. இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்று ராத்திரியே இருந்த மூன்றையும் ராமநாயக்கன் ஏரிக்கரை மரத்தில் விட்டேன். கையில் வளர்ந்த குஞ்சு வெளியே பிழைக்காது என்பதெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. இன்றைக்கும் வீட்டுக்கு வீடு ஒரு பச்சைக்கிளிக் கூண்டு இருக்கிறதுதான். சட்டம் தூங்குகிறது என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயம் கடலூரில் ஒரு வேட்பாளருக்கு ஜோசியம் சொன்ன கிளி ஜோசியரை வனத்துறை பிடித்துப் போயிற்று. எழுந்துகொள்ளும் நேரத்தைச் சட்டம்தான் தீர்மானிக்கும்.

அதற்கப்புறம் வெளிநாட்டு ஐட்டம் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். காக்கடெய்ல், ஃபின்ச், ஆப்பிரிக்கன், பிறகு சன் கன்யூர், கடைசியாக ஆப்பிரிக்கன் கிரே. வெளிநாட்டு ஐட்டத்துக்கு வனத்துறை வராது என்பது அந்தக் காலத்து வேதவாக்கு, அதில் உண்மையும் இருந்தது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையில் இந்தியா 1976-லேயே சேர்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களுக்கு நம் வன உயிரினச் சட்டத்துக்குள் இடம் கொடுக்கவே இல்லை. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சுங்கத்துறை பிடிக்கலாம், இறக்குமதிச் சட்டப்படி வழக்கு போடலாம். அந்தக் கோட்டைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டால், இது எங்கே பிறந்தது என்று கேட்க ஆளில்லை. ஜூஜூவாடி செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினால் பார்ப்பது மரக்கட்டை இருக்கிறதா, மதுபாட்டில் இருக்கிறதா என்றுதான். கூண்டில் மஞ்சள் கிளி இருந்தால் போலீஸ்காரர் "பேசுமா?" என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்.

என் கிரே ஜோடி 2015-இல் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்து வியாபாரி ஒருவரிடம் வாங்கியது. பில் கேட்டேன். அவர் கிளியின் காலைக் காட்டி, "ரிங் இருக்கிறது பாருங்கள், அதுதான் பில்" என்றார். முழு வளையம் என்றால் ஒரு விஷயம் நிச்சயம். குஞ்சுக்கு இரண்டு வாரம் ஆகும்போது கால் விரல்களைச் சேர்த்துப் பிடித்து உள்ளே நுழைப்பார்கள், கால் தடித்த பிறகு நுழையாது. ஆக முழு வளையம் போட்ட பறவை ஏதோ ஒரு கூண்டில் மனிதன் கையில் பிறந்தது. யாருடைய கூண்டு, எந்த நாட்டில், அதன் அப்பன் ஆத்தாள் எந்தக் காட்டிலிருந்து வந்தது? அதை வளையம் சொல்லாது. 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிப் பேசி, 2017 ஜனவரியிலிருந்து ஆப்பிரிக்கன் கிரேயை சைட்ஸின் முதல் பட்டியலுக்கு, அதாவது காட்டிலிருந்து எடுத்து வணிகம் செய்யவே கூடாத பட்டியலுக்கு ஏற்றினார்கள். ஓசூரில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக் கிளிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் செய்தி வந்து சேர மூன்று வருஷம் ஆயிற்று.

அது வந்தது 2020 ஜூனில், கொரோனா ஊரடங்கு நேரம், கடை பாதி நாள் மூடிக் கிடக்கும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிப்பு விட்டது. சைட்ஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர் எது வைத்திருந்தாலும் ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து தெரிவியுங்கள், எங்கே வாங்கியது என்ற காகிதம் கேட்கமாட்டோம். பறவைக்காரர்கள் வாட்ஸாப் குழுக்களில் அன்று நடந்த சண்டையை எழுதினால் ஒரு புராணம் ஆகும். பாதிப் பேர் இது பொறி என்றார்கள். இன்றைக்குப் பட்டியல் வாங்குவார்கள், நாளைக்கு வேன் கொண்டுவருவார்கள். கிருஷ்ணகிரியில் எனக்கு ஒரு சிநேகிதர், என்னைவிடப் பெரிய செட்டப், மக்காவ் வரைக்கும் வைத்திருந்தார். அவர் சொன்னது: "கேக்காதவனுக்கு எதுக்குப்பா கணக்கு காட்டணும்?"

நானும் மாதக்கணக்கில் அப்படித்தான் இருந்தேன். கடைசியில் என் மகள்தான் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தாள். அவளுக்கு இந்தக் கிளிகள்மேல் பெரிய பாசமெல்லாம் கிடையாது, விடியற்காலையில் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கும் என்ற கோபம்தான். "ஒளிச்சு வெச்சுத் திங்கறதுக்கு இது என்ன முறுக்காப்பா? நாளைக்கு விக்கணும்னா என்ன காட்டுவீங்க?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு வாட்ஸாப் குழுவில் யாரிடமும் பதில் இல்லை.

அவள் கேட்டதன் அருமை 2022-இல் தெரிந்தது. அந்த டிசம்பரில் வன உயிரினச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறாக இருந்த அட்டவணைகள் நாலாயின. அந்த நாலாவது அட்டவணை முழுக்க சைட்ஸ் பட்டியல். ஐம்பது வருஷம் வெளியே நின்ற வெளிநாட்டு உயிர்கள் ஒரே நாளில் சட்டத்துக்குள் வந்துவிட்டன. 49எம் என்ற புதுப் பிரிவின்படி, நாலாம் அட்டவணையில் உள்ள உயிரை வைத்திருப்பவர் பதிவு செய்யவேண்டும். பிறந்தாலும் இறந்தாலும் கை மாறினாலும் தெரிவிக்கவேண்டும். கிரே மாதிரி முதல் பட்டியல் பறவைகளை இனப்பெருக்கம் செய்யவேண்டும் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தனியாக உரிமம். இதை நடத்துவதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-இல் வந்தன, பரிவேஷ் 2.0 என்ற இணையதளத்தில் ஆறு மாதத்துக்குள் பதிவு. அந்தக் கெடு ஆகஸ்ட் 28. அதற்குப் பிறகு கைக்கு வருவதை முப்பது நாளுக்குள் ஏற்றிவிடவேண்டும்.

அந்த ஆகஸ்டில் நான் மறுபடி பள்ளிக்கூடம் போனேன். விண்ணப்பத்தில் 'ஆப்பிரிக்கன்' என்று எழுத முடியாது. அறிவியல் பெயர் வேண்டும். ஒவ்வொரு கூண்டாக நின்று, புத்தகத்தையும் பறவையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அப்போதுதான் அந்த ஏழு கடல் தூரம் புரிந்தது. கிளி இனம் கிட்டத்தட்ட முழுவதும் சைட்ஸில் உண்டு, ஆனால் விட்டுவைத்தவை ஒருசில. பட்ஜரிகர் வராது, காக்கடெய்ல் வராது, ரோஜா முக ஆப்பிரிக்கன் வராது. ஃபிஷர் வரும். சன் கன்யூர் வரும். ஜாவா குருவி வரும், அதே அளவில் பக்கத்தில் குதிக்கிற ஜீப்ரா ஃபின்ச் வராது. உலகம் முழுக்கக் கூண்டுகளில் கோடிக்கணக்கில் பெருகியதைப் பட்டியலில் சேர்த்து யாருக்கு என்ன லாபம் என்பது கணக்கு. சன் கன்யூரும் கூண்டுகளில் ஏராளம்தான், ஆனால் தென் அமெரிக்காவில் அதன் சொந்தக் காட்டில் பிடித்துப் பிடித்தே அழியும் நிலைக்கு வந்துவிட்டது, அதனால் அது பட்டியலில்.

பதிவுக்கு ஆணா பெண்ணா என்று சரியாக எழுதவேண்டும் என்று, மார்பு இறகு நாலு பிடுங்கி உறையில் போட்டு டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பினேன். கன்யூரில் பார்த்துச் சொல்ல முடியாது, ஆணும் பெண்ணும் ஒரே அச்சு. இரண்டு வருஷமாக முட்டை வைக்காத ஒரு ஜோடிக்கு நான் கொடுக்காத சத்து மருந்து இல்லை, மாற்றாத பெட்டி இல்லை. முடிவு வந்தது. இரண்டும் ஆண். அரசாங்கத்தின் விதி எனக்குச் செய்த முதல் உபகாரம் இதுதான் என்று இன்றும் சொல்லுவேன்.

நீலக் கிளி விஷயத்தில் மட்டும் எனக்கும் என் தொழில்காரர்களுக்கும் ஒத்துப்போகாது. ரிங்நெக் என்று நீலம், வெள்ளை, மஞ்சள் நிறங்களில் விற்கிறார்களே, அது வெளிநாட்டில் கூண்டில் நிறம் மாற்றி எடுத்தது, அதனால் ஃபாரின் ஐட்டம் என்பார்கள். நிறம் வேறு, ஆனால் ஜாதி? நம் வேப்ப மரத்தில் கத்துகிற அதே பச்சைக்கிளிதான், உள்நாட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அட்டவணையில் எழுதியிருப்பது பறவையின் பெயர், சட்டையின் நிறம் இல்லை. நீலத்தை விற்கிறவன் கூண்டுக்குப் பின்னால் பச்சை இருக்கும், பச்சைக்குப் பின்னால் மரப்பொந்தில் கைவிட்ட ஒருத்தன் இருப்பான். நான் அதை வைப்பதில்லை. வியாபாரம் போகிறது, போகட்டும்.

கடை என்று வைத்தால் இது மட்டும் போதாது. 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் தனி. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு, கூண்டின் அளவு, தண்ணீர், காற்று, ஒவ்வொரு விற்பனைக்கும் பதிவேடு. எட்டு வாரம் ஆகாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு வயது ஆகாதவருக்கு எதையும் விற்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் எனக்குச் சங்கடம். பள்ளிக்கூடம் விட்டு வந்து உண்டியல் காசை எண்ணி வைக்கிற பையனிடம் அப்பாவைக் கூட்டி வா என்று சொல்லவேண்டும். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. ஒருவிதத்தில் நல்லதுதான், உண்டியல் காசில் கிளி வாங்கலாம், தினை வாங்கித் தீராது.

எல்லை ஊரில் கடை வைத்திருப்பவனுக்கு இன்னொரு சிக்கல். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் எலக்ட்ரானிக் சிட்டி, சந்தாபுரா. அரை மணி நேரம், பைக்கிலேயே வந்து போவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அத்திப்பள்ளி தாண்டுவது ஒரு டோல்கேட் தாண்டுவது. சட்டத்தைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் வேறு தலைமை வன உயிரினக் காப்பாளர். ஒரு கன்யூர் குஞ்சு விற்றால் அது என் பெயரிலிருந்து இறங்கி, அந்தப் பக்கம் அவர் பெயரில் ஏறவேண்டும். "ஒரு கிளிக்கு ஆர்.சி. புக்கா சார்?" என்று ஒரு ஐ.டி. பையன் கேட்டான். ஆமாம் தம்பி, பைக்குக்கு இருக்கிற மாதிரி. இரண்டு கடை தள்ளி பேப்பர் இல்லாமல் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கும் என்றான். கிடைக்கும், போய் வாங்கிக்கொள் என்றேன். நாலு மாதம் கழித்து அவனே போன் செய்தான். வேறு ஊருக்கு மாற்றலாகிறதாம், கிளியை யாருக்காவது கொடுக்கவேண்டும், வாங்க ஆளில்லை.

என் கிருஷ்ணகிரி சிநேகிதர் நிலைமையும் அதுதான். பணத்தைக் கொட்டி வாங்கிய மக்காவ்கள், விற்கவும் முடியாது, குஞ்சு எடுத்தால் குஞ்சையும் காட்ட முடியாது. இப்போதெல்லாம் சந்தித்தால் அவர் பறவைகளைப் பற்றிப் பேசுவதில்லை, மாங்காய் விலையைப் பற்றிப் பேசுகிறார்.

சில பேருக்கு இந்தத் தொழில் வேறு விதமாகத் தெரிகிறது. மாதம் ஒருவர் மண்ணுளிப் பாம்புக்குப் பார்ட்டி இருக்கிறதா என்று காதோரம் வந்து கேட்பார். இரண்டு தலைப் பாம்பு, இத்தனை கிலோ இருந்தால் கோடி ரூபாய், இரிடியம், கான்சர் மருந்து என்று ஒரு கதை கிருஷ்ணகிரி, தர்மபுரி டீக்கடைகளில் ஓய்வதே இல்லை. அதற்கு ஒரு தலைதான். வால் மொண்ணையாக இருப்பதால் தலை மாதிரித் தெரிகிறது. கோடி கொடுத்து வாங்கியவனை இதுவரை யாரும் பார்த்ததில்லை, அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்தவர்களை நானே நாலு பேரைப் பார்த்திருக்கிறேன். நட்சத்திர ஆமை கேட்டும் வருவார்கள். ஆந்திர, கர்நாடக எல்லைப் புதர்க்காடுகளில் இருக்கிறது, வாஸ்துவுக்கு நல்லது என்பார்கள். 2019-இல் அது சைட்ஸின் முதல் பட்டியலுக்குப் போயிற்று. இப்போது நம் சட்டத்திலும் முதல் அட்டவணை, புலி இருக்கிற அதே இடம். மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை, ஏழு வரை போகும், அபராதம் இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாது. சொன்னால் நம்பமாட்டார்கள். "ஆமைக்கா?" என்பார்கள்.

ஒரே ஒரு பொருளை மட்டும் தாராளமாக வாங்கலாம் என்று சொல்லி அனுப்புவேன், மயிலிறகு. தானாக உதிர்ந்த தோகை இறகை உள்நாட்டில் விற்க விதிவிலக்கு இருக்கிறது. மயிலைத் தொடக்கூடாது, இறகைத் தொடலாம். ஏற்றுமதி செய்யக்கூடாது.

2023 ஆகஸ்டில் பெங்களூரு விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டிகளில் 234 உயிர்களைப் பிடித்தார்கள். மலைப்பாம்பு, பச்சோந்தி, இகுவானா, ஆமை, முதலைக்குட்டி. ஒரு கங்காருக் குட்டி பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூச்சடைத்துச் செத்திருந்தது. பத்திரிகையில் படம் வந்த அன்று கடைக்கு வந்த ஒருவர் அதைக் காட்டி, "பார்த்தீங்களா, எவ்வளவு கொடுமை" என்று உச்சுக்கொட்டினார். அவர் அன்று வந்தது இகுவானா குட்டிக்கு விலை விசாரிக்க. அந்தப் பெட்டி யாருக்காக வந்தது என்று நினைக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. சாயம் போன முனியாக்களை வைத்துக்கொண்டு கோபப்பட்டவன் நான், யாரைப் பார்த்து என்ன கேட்பது? இங்கே பறவை மட்டும்தான் என்றேன். சரி என்று போனார்.

என் கிரேக்கள் இன்னும் இருக்கின்றன. உரிமம் வாங்கி இனப்பெருக்கம் செய்கிற ஆசை எனக்குப் போய்விட்டது. பெட்டியை எடுத்துவிட்டேன், முட்டை வைக்க இடமில்லை. அவை நாற்பது, ஐம்பது வருஷம் வாழும், நான் இருக்கமாட்டேன். பதிவில் அடுத்த பெயர் யாருடையது என்று மகளிடம் பேச்செடுத்தேன். விடியற்காலையில் கத்தாமல் இருந்தால் யோசிக்கிறேன் என்றாள். அதில் ஆண் கிளி இப்போது ஜூஜூவாடி பஸ் கண்டக்டர் மாதிரி விசிலடிக்கிறது, அது எங்கே கற்றது என்று தெரியவில்லை.

லேத் பட்டறைக்காரர் குந்தாரப்பள்ளியில் ஆடு வாங்கினார். நாலு. அவற்றுக்குச் சினிமாக்காரர்கள் பெயர் வைத்திருப்பதாகச் சொன்னார். போன மார்கழியில், கேழ்வரகு அறுத்துக் களம் சேர்க்கிற சமயம், காலை ஆறு மணிக்குப் போன் வந்தது.

"அண்ணா, ராத்திரி யானை வந்துட்டுதுண்ணா."

வருஷா வருஷம் வருவதுதான். அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து கிளம்பி ஜவளகிரி, தளி வழியாக இறங்கிவரும், சானமாவு வரை போகும். அவர் வேலியின் இரண்டு கல்தூணைச் சாய்த்து, வாழையில் முக்கால்வாசியைத் தின்று, குளத்தில் குளித்துவிட்டும் போயிருக்கிறது. ஆடுகள் வீட்டுக்குப் பின்னால் இருந்ததால் தப்பித்தன. நாலு யானை என்றார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆறு என்றாராம்.

"விலங்கு வேணும்னு கேட்டீங்களே," என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரிப்பு வந்தது. "ஆமாண்ணா, அரசாங்கச் சொத்து. வாழை மட்டும் என்னுது. இதுக்கு எதுவும் கிடைக்குமா?"

பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு உண்டு என்றேன். சேதத்தைப் போட்டோ எடுங்கள், எதையும் நகர்த்தாதீர்கள், சிட்டா, அடங்கல் எடுத்துக்கொண்டு வாருங்கள், வி.ஏ.ஓ. கையெழுத்து வேண்டும். பதினொரு மணிக்குக் கடைக்கு வந்தார், சட்டையெல்லாம் சேறு. கன்யூர் கூண்டுகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, விண்ணப்பத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். எத்தனை யானை என்ற இடத்தில் வந்து பேனா நின்றது. அவர் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் போன் போட்டார்.